சர்வர் எந்த நாட்டில், சாவி யார் கையில்

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் ஒரு மரண சகாய நிதிச் சங்கத்தின் செயலாளர் அனுப்பிய கேள்வி இது. சங்கத்தில் முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். முந்தைய செயலாளர் பெர்த்தில் மகனோடு போய்த் தங்குவதற்கு முன்னால், பேரேட்டில் இருந்ததையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உறுப்பினர் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி, தொலைபேசி, வாரிசின் பெயர், வாரிசின் வங்கிக் கணக்கு எண், கடைசியில் ‘நோய் விவரம்’ என்று ஒரு பத்தி. இந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “நம்ம ஐசி நம்பரெல்லாம் அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டர்ல கிடக்குதாமே, சட்டப்படி இது சரியா?” என்று கேட்டாராம். செயலாளரின் கேள்வி: சைபர்ஜெயாவில் இருக்கும் உள்ளூர் சர்வருக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

அண்ணே, நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரம் எங்கே போகிறது, யார் யார் பார்க்கிறார்கள் என்று துருவிப் பார்ப்பதுதான் கோலாலம்பூரில் என் பிழைப்பு. கூட்டத்தில் எழுந்து கேட்டவரை வாய்விட்டுப் பாராட்டுங்கள், கேட்டது நியாயம். ஆனால் சைபர்ஜெயாவுக்கு மாற்றுவதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறிவிடாது.

முதலில் சட்டம். மலேசியாவில் நாம் பிடிபிஏ என்று சொல்லும் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக்குத் தரவு அனுப்புவதைப் பற்றிப் பேசுவது அதன் 129ஆம் பிரிவு. அமைச்சர் அரசிதழில் குறிப்பிடும் நாடுகளுக்கு மட்டும் அனுப்பலாம் என்றது பழைய பிரிவு. வேடிக்கை என்னவென்றால் அந்த நாடுகளின் பட்டியல் கடைசிவரை வரவே இல்லை. 2017இல் ஒரு வரைவு போட்டுக் கருத்துக் கேட்டார்கள், அதோடு சரி. ‘சம்மதம் வாங்கிவிட்டோம்’, ‘ஒப்பந்தத்துக்குத் தேவை’ என்ற விதிவிலக்குகளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பட்டியல் என்ற பேச்சே இல்லை. தரவு போய்ச் சேரும் நாட்டில் நம்முடையதைப் போன்ற சட்டமோ அதற்கு ஈடான பாதுகாப்போ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய விதிவிலக்குகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அனுப்புகிறவர் தலையில். பாதுகாப்புக் கொள்கைகளை மீறினால் அபராதம் 3 இலட்சம் வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது 10 இலட்சம் வரை போகலாம், சிறை 3 ஆண்டு வரை. 2025 ஜூன் 1 முதல், பாதிப்பை உண்டாக்கும் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆக, வெளிநாட்டு சர்வரில் வைப்பதே குற்றம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. சந்தா வாங்கி ஈமச்சடங்குக்குப் பணம் கொடுக்கும் சங்கம் அதற்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடலாம். வரும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி. மத்திய, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் கூட்டத்தில் கேட்டவரிடம் சொல்லிவையுங்கள். அமெரிக்காக்காரனை விட்டு விலகினால் எல்லாம் பத்திரம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

இனி சர்வர். நீங்கள் ஷீட்டில் ஒரு வரி தட்டினால் அது ஏதோ ஒரு பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. ஒரு மையத்தில் தீப்பிடித்தாலும் உங்கள் ஷீட் திறக்க வேண்டும் என்பதற்காக அதைப் பல பிரதிகளாகப் பல இடங்களில் வைப்பார்கள். அது ஒரு நல்ல காரியம்தான். உங்கள் பழைய பேரேடு சங்கக் கட்டடத்தின் ஒழுகல் கூரைக்குக் கீழே எத்தனை வருடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிரதி வைப்பவர்களோடு கதை முடிவதில்லை. மென்பொருளைப் பராமரிக்கிறவர் ஒரு நாட்டில், வாடிக்கையாளர் உதவிக்கு உட்கார்ந்திருப்பவர் இன்னொரு நாட்டில். வட்டு ஜொகூரில் இருந்து, அதைத் திறந்து பார்க்கும் உரிமை வேறொரு நாட்டில் இருக்கும் ஊழியரிடம் இருந்தால், தரவு எங்கே இருப்பதாகச் சொல்வது?

இப்போது மலேசியாவிலேயே பெரிய நிறுவனங்கள் வந்துவிட்டன. அமேசான் 2024 ஆகஸ்டில் இங்கே தன் கிளவுட் மையங்களைத் திறந்தது, மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் வந்தது. ஜொகூரில் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலத்திலெல்லாம் சர்வர் கொட்டகைகள் எழும்புகின்றன. நீங்கள் சொல்லும் அந்த ‘உள்ளூர்’ நிறுவனமும் இவற்றில் ஒன்றில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் கட்டடம் நம் மண்ணில் இருக்கும், வீட்டுக்காரர் அமெரிக்கராக இருப்பார்.

வீட்டுக்காரர் யார் என்பது ஏன் முக்கியம்? 2013இல் அமெரிக்காவில் போதைப்பொருள் விசாரணை ஒன்றுக்காக, ஒருவருடைய மின்னஞ்சல்களைத் தரச் சொல்லி மைக்ரோசாஃப்டுக்கு நீதிமன்ற உத்தரவு போனது. அந்த மின்னஞ்சல்கள் அயர்லாந்தில், டப்ளின் சர்வரில் இருந்தன. ‘அது வேறு நாடு, தரமாட்டோம்’ என்றது நிறுவனம். வழக்கு நடந்தது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைக்ரோசாஃப்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் முடிவு சொல்வதற்குள் 2018 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கிளவுட் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, சட்டப்படி கேட்டால் தரவு எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்க நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்று முடித்துவிட்டது. 2025 ஜூனில் பிரான்ஸ் செனட் குழு முன் சத்தியம் செய்து நின்ற மைக்ரோசாஃப்ட் அதிகாரியிடம், பிரெஞ்சு மக்களின் தரவு பிரெஞ்சு அரசின் ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அரசிடம் ஒருபோதும் போகாது என்று உறுதி தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றார், அப்படி இதுவரை நடந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். பிரான்சுக்கே இந்தப் பதில் என்றால் செந்தூல் எந்த மூலைக்கு?

வெளிநாட்டில் இருப்பவர்களின் தகவல்தொடர்பை அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து எடுக்க உளவுத்துறைக்கு வழிவிடும் அமெரிக்க உளவுச் சட்டத்தின் 702ஆம் பிரிவு 2008இல் வந்தது. அமெரிக்கருக்கு இருக்கும் பாதுகாப்பு, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அதில் கிடையாது. நாமெல்லாம் அந்த இரண்டாவது வகை. அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்காவோடு போட்டிருந்த தரவு ஒப்பந்தங்களை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஒருமுறை, 2020இல் ஒருமுறை ரத்துச் செய்ததற்கும் இதுதான் காரணம். 2023 மே மாதம் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு, ஐரோப்பியர்களின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக, அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 120 கோடி யூரோ அபராதம் போட்டது. சீனப் பக்கம் போனாலும் கதை வேறில்லை: 2017ஆம் ஆண்டின் தேசிய உளவுச் சட்டப்படி அங்கே நிறுவனங்கள் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும். ஐரோப்பியர்களின் தரவு சீனாவில் சேமிக்கப்படுவதில்லை என்று விசாரணையில் சொல்லிவந்த டிக்டாக், கொஞ்சம் அங்கே இருந்தது என்று 2025இல் ஒப்புக்கொண்டது. 53 கோடி யூரோ அபராதம்.

சரி, உங்கள் மரண சகாய நிதிப் பட்டியலை அமெரிக்க உளவுத்துறை உட்கார்ந்து படிக்குமா? படிக்காது. எனக்கு அந்தப் பயம் துளியும் இல்லை. பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியலில் இருப்பவர் என்றால் நான் வேறு பதில் சொல்வேன்.

சாதாரண மனிதருக்கு வெளிநாட்டு சர்வரால் வரும் தொல்லை வேறு மாதிரி. கொஞ்ச நாளுக்கு முன்னால் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கொண்டோவில் நண்பரைப் பார்க்கப் போனேன். காவலாளி என் ஐசியை வாங்கி முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்தார். எதற்கு என்றேன். “சிஸ்டம், பாஸ்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அது வருகையாளர் செயலி, செயலி நிறுவனத்திடம் கேளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு இங்கே அலுவலகமே இல்லை. அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையில் ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில்’ தரவு சேமிக்கப்படலாம் என்று ஒரு வரி இருந்தது, எந்த நாடுகள் என்று இல்லை. படத்தை அழிக்கச் சொல்லி எழுதினேன். தானியங்கிப் பதில், ஒரு டிக்கெட் எண். மறுபடி எழுதினேன், மறுபடி ஒரு டிக்கெட் எண். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: நீங்கள்தான் அந்த நபர் என்று உறுதிசெய்ய, உங்கள் ஐசியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

அனுப்பவில்லை. பழைய படம் இன்னும் அங்கேதான் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்று சொல்வேன். இங்கே இருக்கும் நிறுவனமென்றால், என் விவரம் என்னவெல்லாம் வைத்திருக்கிறாய் என்று எழுத்தில் கேட்டால் 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புத்ராஜெயாவில் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. முகம் தெரியாத ஊரில் பதிவான நிறுவனத்தை யார் போய்ப் பிடிப்பது? அது திவாலாகிவிட்டால் இன்னும் மோசம். எச்சில் மாதிரியை வைத்து மரபணுப் பரிசோதனை செய்த அமெரிக்க நிறுவனம் 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, வாடிக்கையாளர்களின் மரபணுத் தரவும் விற்பனைக்குரிய சொத்துகளோடு சேர்ந்து நின்றது.

உள்ளூரிலேயே வைத்தால் பத்திரமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2017இல் மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 இலட்சத்தின் சந்தாதாரர் விவரம் இணையத்தில் விலைக்கு வந்தது. பெயர், முகவரி, ஐசி எண், சிம் விவரம் எல்லாம். நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமான எண்கள். அது முழுக்க உள்ளூர்த் தரவு. 2019இல் மலிண்டோ ஏர் பயணிகளின் கடவுச்சீட்டு விவரங்கள் வரை வெளியே போயின. அமேசான் கிளவுடில் இருந்த தரவுதான், ஆனால் கிளவுடின் பாதுகாப்பில் கோளாறு இல்லை என்று விமான நிறுவனமே சொன்னது. ஒப்பந்த நிறுவனமொன்றின் இந்திய மையத்தில் முன்பு வேலை பார்த்த இருவர் திருடிவிட்டார்கள் என்பது அவர்களுடைய விளக்கம். பூட்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, சாவிதான் இருக்கக்கூடாத கையில் இருந்திருக்கிறது.

நீங்கள் நினைக்கும் உள்ளூர் சர்வரை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்? மாதம் ஐம்பது வெள்ளிக்கு இடம் கொடுக்கும் கடையில், மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு யாராவது உள்ளே நுழைந்தால் தெரியுமா? கூகுள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் திருடனைத் தடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆள்பலம் ஒரு சிறு கடைக்கு வராது. அரசாங்கம் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், திருடனுக்கு எளிதில் விடமாட்டார்கள். உங்கள் சங்கத்துக்கு யார் எதிரி என்று நீங்களே பாருங்கள்.

இனி உங்கள் ஷீட்டைப் பார்ப்போம், எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

ஐசி எண் 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 14 என்றால் கோலாலம்பூர், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையென்றால் ஆண், இரட்டைப்படையென்றால் பெண். ஒரே எண்ணில் வயது, ஊர், பால் மூன்றும் அடங்கியிருக்கிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது. 2024 ஜனவரியில் அரசு, மக்களின் விவரங்களைத் திரட்டும் பாடு என்ற தரவுத்தளத்தைத் தொடங்கியபோது (பெயரைத் தமிழில் வாசித்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்), ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் பதிந்துவிடலாமே என்று முதல் நாளே கேள்வி எழுந்தது. உங்கள் ஷீட்டில் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கின்றன.

அதோடு வாரிசு பெயர், வங்கிக் கணக்கு, நோய் விவரம். இதை ஒரு மோசடிக்காரன் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு விழுகிறது. கருமாதிகூட முடியவில்லை, மகளுக்கு அழைப்பு வருகிறது. “அம்மா, சங்கத்திலிருந்து பேசறேன். அப்பா சக்கரை வியாதியில ரொம்ப நாள் கஷ்டப்பட்டாரே. சகாய நிதி பாஸ் ஆயிடுச்சு. உங்க கணக்கு எண் கடைசி நாலு இலக்கம் இதுதானே? இப்ப ஓடிபி வரும், சொல்லுங்க.” அப்பாவின் ஐசி எண்ணையும் நோயையும் தன் கணக்கு எண்ணையும் சொல்லும் ஆளை அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்? நடந்தால் உடனே 997க்கு அழைக்க வேண்டும் என்பதை உறுப்பினர் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுக்க முயல்வார்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் கஷ்டம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். ஷீட் ‘இணைப்பு உள்ள எவரும்’ பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிறது. அந்த இணைப்பைச் செயற்குழுவின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புலனத்தில் பேசுவது இரு முனையிலும் பூட்டப்பட்டது, உண்மை. ஆனால் பலருடைய கைப்பேசி அந்த உரையாடலைக் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ பிரதி எடுத்து வைக்கிறது. அந்தப் பிரதியையும் பூட்டும் வசதி 2021இலேயே வந்துவிட்டது, நாமாகப் போய் இயக்கினால்தான் உண்டு. குழுவில் எத்தனை பேர் இயக்கியிருப்பார்கள்? பழைய கைப்பேசியைப் பேரனுக்குக் கொடுத்தவர் எத்தனை பேர்?

ஆகவே, சர்வரை மாற்றும் செலவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இணைப்புப் பகிர்வை மூடிவிட்டு, பெயர் குறிப்பிட்ட மூன்று பேருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்: தலைவர், செயலாளர், பொருளாளர். மூவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். நோய் விவரப் பத்தியை அழித்துவிடுங்கள். உதவித்தொகை கொடுக்க இறப்புச் சான்றிதழ் போதுமே, சக்கரை இருந்ததா இரத்த அழுத்தம் இருந்ததா என்று சங்கத்துக்கு எதற்கு? உடல்நல விவரம் சட்டப்படியே கூடுதல் கவனம் கேட்பது. வாரிசின் கணக்கு எண்ணும் முன்கூட்டியே தேவையில்லை. பணம் கொடுக்கும் நாளில் நேரில் வாங்கிக்கொள்ளலாம், அதற்குள் கணக்கை மாற்றியிருந்தாலும் சிக்கல் வராது. ஐசி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் ஷீட்டில் இருக்கட்டும். முழு எண் சங்க அலமாரியில், பழைய பாணியில், பேரேட்டில் பூட்டி இருக்கட்டும். கூரையை மட்டும் சரிசெய்யுங்கள்.

ஐசி நகல் வாங்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, ‘சங்க உறுப்பினர் பதிவுக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். வங்கியில் நம் அம்மாக்கள் செய்த பழக்கம்தான், ஏனோ நாம் படம் எடுத்து அனுப்பத் தொடங்கியதும் விட்டுவிட்டோம். சந்தாப் படிவத்தில், விவரங்கள் வெளிநாட்டு நிறுவனத்தின் சேவையில் சேமிக்கப்படுகின்றன என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் கேட்டவருக்கு அதுதான் நேரான பதில். சம்மதமில்லை என்பவரின் விவரம் பேரேட்டில் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, அந்த ஷீட் இன்னும் பெர்த் அண்ணனின் சொந்த ஜிமெயில் கணக்கில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். அவர் தங்கமானவராக இருக்கலாம். ஆனால் முந்நூறு குடும்பத்தின் விவரத்தைத் திறக்கவும் அழிக்கவும் இன்றைக்கு முழு உரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்குச் சங்கத்தில் பொறுப்பு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் சொந்தக் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் அங்கே வேறு கணக்குக்கு மாறிவிட்டால் ஷீட்டும் அதோடு போய்விடலாம். சங்கத்தின் பெயரில் புதுக் கணக்கு ஒன்று திறந்து, உரிமையை அதற்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பக்கம் இரண்டு மூன்று அழுத்தல், உங்கள் பக்கம் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒன்று. பெர்த்துக்கும் நமக்கும் நேர வித்தியாசம் கிடையாது, இன்று சாயங்காலமே அழைக்கலாம்.